சவுண்ட் இன்ஜினியரிங் படிப்பு: பணம் கட்டும் முன் கம்ப்யூட்டரில் ஒரு சோதனை

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் பாட்டு கேட்பதும் படம் பார்ப்பதும் முதல் சில மாதங்களிலேயே சலித்துவிடும். அதன் பிறகு பிள்ளைகள் தாங்களாகவே எதையாவது செய்து பார்க்கத் தொடங்குவார்கள். இரண்டு பாடல்களை இணைப்பது, செல்போனில் பதிந்த பேச்சைச் சுத்தம் செய்வது, தங்கள் குரலைப் பதிந்து பின்னணி இசை சேர்ப்பது என்று போகும் இந்த ஆர்வம், சில வீடுகளில் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறது: "சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கலாமா?"

கேள்வி சிறியது, செலவு பெரியது. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கும் ஒரு மாணவர் இதற்காகச் சென்னை சென்றால், சுமார் 700 கிலோமீட்டர் தள்ளிப் போய்த் தங்கிப் படிக்க வேண்டும். தனியார் பயிற்சி நிலையங்களில் கட்டணம் லட்சங்களில் இருக்கும். அறை வாடகை, சாப்பாடு, போக்குவரத்து தனி. பெரும்பாலான வீடுகளில் இந்தப் பணம் கடனாகவோ அடகு வைத்த நகையாகவோதான் வரும். எனவே பணம் கட்டும் முன்பே சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. அதற்கு உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

சவுண்ட் இன்ஜினியர் என்பவர் யார்?

பெயரில் இன்ஜினியர் இருந்தாலும் இதற்கு பி.இ. பட்டம் தேவையில்லை. ஒலியைப் பதிவு செய்பவர், கலப்பவர், கூட்டத்துக்குக் கேட்கச் செய்பவர் எல்லோரையும் இந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். வேலைகளை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. மேடை ஒலி: கோயில் கொடை, தேவாலயத் திருவிழா, பொதுக்கூட்டம், கச்சேரி. நம் மாவட்டத்தில் அதிகம் கிடைப்பது இந்த வேலைதான். நாம் 'மைக் செட்' என்று சொல்வது இதன் எளிய வடிவம்.

2. ஸ்டூடியோ ஒலி: பாடல் பதிவு, பக்திப் பாடல் ஆல்பம், திருமண வீடியோ, குறும்படம், யூடியூப் நிகழ்ச்சிகள்.

3. சினிமா மற்றும் ஒலிபரப்பு: படப்பிடிப்புத் தளத்தில் வசனம் பதிவு செய்வது, டப்பிங், இறுதி ஒலிக்கலவை, வானொலி, தொலைக்காட்சி. நாகர்கோவில் கோணத்தில் உள்ள வானொலி நிலையம் 1984-ல் இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையமாகத் தொடங்கப்பட்டது.

இந்த மூன்றில் எது வேண்டும் என்று முடிவு செய்யாமல் எந்தப் படிப்பிலும் சேர வேண்டாம். மேடை ஒலியில் வேலை தேடும் ஒருவருக்கு, ஆறு மாதமும் பாடல் மிக்ஸிங் மட்டும் சொல்லித்தரும் வகுப்பால் பெரிய பயன் இல்லை.

படித்து வந்தவரும் வேலையில் கற்றவரும்

நம் மாவட்டத்துக்குப் பக்கத்து மாநிலத்தில், கொல்லம் மாவட்டம் விளக்குப்பாறையில் பிறந்தவர் ரசூல் பூக்குட்டி. இயற்பியல் பட்டப்படிப்புக்குப் பிறகு புனே திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு படித்து 1995-ல் வெளியே வந்தார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் ஒலிக்கலவைக்காக 2009-ல் இயான் டாப், ரிச்சர்ட் பிரைக் ஆகியோருடன் சேர்ந்து ஆஸ்கர் விருது பெற்றார். படிப்பு முடிந்ததற்கும் விருதுக்கும் நடுவில் 14 ஆண்டுகள் இருப்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கம், லண்டனின் ஈ.எம்.ஐ. ஸ்டூடியோவில் 1962-ல் பதின்ம வயதில் உதவியாளராகச் சேர்ந்தவர் ஜெஃப் எமெரிக். நான்கே ஆண்டுகளில், 1966-ல், பீட்டில்ஸ் குழுவின் 'ரிவால்வர்' ஆல்பத்துக்கு ஒலிப்பதிவு இன்ஜினியர் ஆனார். அவர் எந்தக் கல்லூரியிலும் இதைப் படிக்கவில்லை. ஆனால் அந்த நான்கு ஆண்டுகளும் மூத்த இன்ஜினியர்களின் பக்கத்தில் இருந்து டேப் மாற்றி, மைக் வைத்து, பார்த்துக் கற்றார்.

எனவே படித்தவரா படிக்காதவரா என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தவை மூன்று: நல்ல அறை, நல்ல கருவிகள், தவற்றைச் சுட்டிக்காட்ட ஒரு மூத்தவர். இந்த மூன்றும் கிடைக்கும் இடமே உண்மையான பயிற்சி நிலையம். அது கல்லூரியாகவும் இருக்கலாம், ஸ்டூடியோவாகவும் இருக்கலாம், பொறுப்பாகத் தொழில் செய்யும் ஒரு மைக் செட் உரிமையாளரின் லாரியாகவும் இருக்கலாம்.

சாஃப்ட்வேருக்காகப் படிக்க வேண்டாம்

விளம்பரங்களில் பெரிய எழுத்தில் இருப்பவை சாஃப்ட்வேர் பெயர்கள்தான். சினிமா ஸ்டூடியோக்களில் அதிகம் பயன்படுவது 1991-ல் வெளியான புரோ டூல்ஸ். கியூபேஸ், லாஜிக் புரோ ஆகியவையும் பரவலாக உள்ளன. ஒரு சாஃப்ட்வேரின் மெனுக்களை ஒரு மாதத்தில் பழகிவிடலாம். சாஃப்ட்வேர் துறையில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைத் தைரியமாகச் சொல்கிறேன். இன்றைய மெனு அடுத்த பதிப்பில் வேறு இடத்துக்குப் போய்விடும். அதை மட்டும் கற்க லட்சம் ரூபாய் தேவையில்லை.

வீட்டில் தொடங்க ஆடாசிட்டி போதும். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2000-ல் வெளியான இந்த சாஃப்ட்வேர் முற்றிலும் இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். இன்னும் கொஞ்சம் முன்னேறியவர்கள் ரீப்பர் சாஃப்ட்வேரை 60 நாட்கள் பணம் கட்டாமல் பயன்படுத்திப் பார்க்கலாம்.

ஹார்ட் டிஸ்க்கில் எவ்வளவு இடம் வேண்டும்? சி.டி. தரத்தில் பதிவு செய்தால் ஒரு வினாடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடது வலது என இரண்டு சேனல்கள். மூன்றையும் பெருக்கினால் வினாடிக்கு 14,11,200 பிட். அதாவது ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 எம்.பி., ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்குச் சற்று மேல். இன்றைய கம்ப்யூட்டர்களுக்கு இது ஒன்றுமே இல்லை.

தேவையானவை: ஒரு யு.எஸ்.பி. மைக், காதை முழுதாக மூடும் ஒரு ஹெட்போன். படிப்புக் கட்டணத்தில் மிகச் சிறிய பகுதியிலேயே இரண்டையும் வாங்கிவிடலாம்.

மூன்று மாதச் சோதனை: நான்கு பயிற்சிகள்

பயிற்சி 1: மைக் தூரம். ஆடாசிட்டியில் சிவப்புப் பொத்தானை அழுத்தி, மைக்கிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வாய் இருக்கும்படி ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்யுங்கள். மீட்டர் மைனஸ் 12-க்கும் மைனஸ் 6-க்கும் இடையில் துள்ளட்டும். பூஜ்யத்தைத் தொட்டால் அலையின் உச்சி வெட்டுப்பட்டுக் கரகரப்பு வரும். அதைப் பிறகு முழுமையாகச் சரிசெய்ய முடியாது. இப்போது எந்த அளவையும் மாற்றாமல் இரண்டு சாண் தூரத்திலும், நான்கு சாண் தூரத்திலும் அதே வரிகளைப் பேசுங்கள். தூரம் இரட்டிப்பாகும்போது உங்கள் குரல் நேரடியாக மைக்கை அடையும் அளவு சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் அறையின் எதிரொலி குறையாது. அதனால்தான் தூரத்தில் பதிந்த குரல் கிணற்றுக்குள் இருந்து பேசுவதுபோல் கேட்கிறது. இந்த ஒரு பயிற்சியை நன்றாகச் செய்தவருக்கு மைக் வைப்பதன் பாதி சூட்சுமம் பிடிபட்டுவிடும்.

பயிற்சி 2: மின்விசிறிச் சத்தம். ஃபேன் ஓடும்போது பேசிப் பதியுங்கள். முதல் ஐந்து வினாடிகள் பேசாமல் இருங்கள். பிறகு அந்த ஐந்து வினாடிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, எஃபெக்ட் மெனுவில் உள்ள 'நாய்ஸ் ரிடக்‌ஷன்' சென்று, 'கெட் நாய்ஸ் புரொஃபைல்' கிளிக் செய்திடவும். அடுத்து முழுப் பதிவையும் தேர்ந்தெடுத்து மீண்டும் அதே இடத்துக்குச் சென்று ஓகே கொடுத்திடவும். ஃபேன் சத்தம் குறையும். அளவை இன்னும் கூட்டிப் பாருங்கள். குரல் தண்ணீருக்குள் பேசுவதுபோல் ஆகும். இப்போது ஃபேனை நிறுத்திவிட்டு அதே வரிகளைப் பதிந்து இரண்டையும் ஒப்பிடுங்கள். ஃபேனை நிறுத்திப் பதிந்ததே நன்றாக இருக்கும். நல்ல பதிவுக்கு ஈடான எஃபெக்ட் எந்த மெனுவிலும் இல்லை.

பயிற்சி 3: காதுப் பழக்கம். உங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாடல் ஒன்றைத் திறந்திடவும். எஃபெக்ட் பட்டியலில் 'கிராஃபிக் ஈ.க்யூ.' எடுத்து, வீட்டில் யாராவது ஒருவரை ஒரே ஒரு பட்டையை மட்டும் 10 டெசிபல் உயர்த்தச் சொல்லுங்கள். நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது. உயர்த்தியது 125 ஹெர்ட்ஸா, 500-ஆ, 2000-ஆ, 8000-ஆ என்று சொல்ல வேண்டும். தினமும் பத்து முறை செய்யுங்கள். முதல் வாரம் பெரும்பாலும் தவறாகும். ஒரு மாதம் கழித்தும் சரியான விடைகள் கூடவில்லை என்றால், அல்லது இதில் சலிப்பு மட்டுமே வருகிறது என்றால், அதுவும் ஒரு பதில்தான்.

கேட்பதற்கும் நேரம் ஒதுக்குங்கள். 2008-ல் மறைந்த சென்னை ஒலிப்பதிவாளர் எச். ஸ்ரீதர், 'மகாநதி', 'தில் சே', 'லகான்', 'கன்னத்தில் முத்தமிட்டால்' ஆகிய நான்கு படங்களுக்குத் தேசிய விருது பெற்றவர். அந்தப் படங்களை ஹெட்போனில், திரையைப் பார்க்காமல், ஒலியை மட்டும் கேளுங்கள். வசனம் எங்கே நிற்கிறது, மழை எங்கே நிற்கிறது, இசை எப்போது ஒதுங்கி வழிவிடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி 4: வெளியாருக்கு ஒரு வேலை. தேவாலயப் பாடகர் குழு ஒத்திகை, பள்ளி ஆண்டு விழா, ஊர்ப் பெரியவர் ஒருவரின் பேட்டி என ஏதாவது ஒன்றை அனுமதி பெற்றுப் பதியுங்கள். கம்ப்யூட்டரில் சரிசெய்து, ஹெட்போன், செல்போன், டி.வி. ஸ்பீக்கர் மூன்றிலும் கேட்டுப் பாருங்கள். மூன்றிலும் பேச்சு தெளிவாகப் புரிந்தால்தான் வேலை முடிந்தது. சொன்ன தேதியில் அவர்களிடம் கொடுத்து, என்ன குறை என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று மாதத்தில் இப்படிப் பத்துப் பதிவுகளை முடித்து, பதினொன்றாவது வேலைக்கு யாராவது தாமாகவே உங்களைத் தேடி வந்தால், படிப்பைப் பற்றி வீட்டில் பேசலாம். இரண்டு பதிவுகளோடு நின்றுபோனால், ஆசை அந்த அளவுதான். லட்ச ரூபாய் மிச்சம்.

வீட்டில் கிடைக்காதவை

அப்படியானால் படிப்பே தேவையில்லையா? தேவைப்படும் இடம் உண்டு. ஒரு வில்லுப்பாட்டு மேடையை எடுத்துக்கொள்வோம். முதன்மைப் பாடகர் வீசுகோலால் வில்லை அடித்துப் பாடுவார். வில்லில் மணிகள் கட்டியிருக்கும். பக்கத்தில் குடம், உடுக்கை, தாளம், கட்டை, பின்பாட்டு. குடத்தின் ஓசை அடித்தொனி. மணியும் தாளமும் உச்சத்தொனி. நடுவில் கதை சொல்லும் குரல். கதை புரியாவிட்டால் கொடைக்கு வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள்.

இங்கே அனுபவம் இல்லாதவர் ஆளுக்கொரு மைக் வைத்து எல்லாவற்றையும் உயர்த்துவார். உடனே மைக் 'கூ' என்று கூவும். ஸ்பீக்கரில் வந்த ஒலி மீண்டும் மைக்குக்குள் நுழைந்து சுற்றுவதால் வருவது இது. திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், கூவாமல் வைக்கக்கூடிய ஒலி அளவு சுமார் 3 டெசிபல் குறையும். எட்டு மைக் வைத்த மேடையைவிட நான்கு மைக்கை யோசித்து வைத்த மேடையில் கதை தெளிவாகக் கேட்பது இதனால்தான். ஒரு மைக்குக்கும் பாடுபவருக்கும் உள்ள தூரத்தைப்போல் குறைந்தது மூன்று மடங்கு தள்ளி அடுத்த மைக் இருக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பழைய விதி.

சத்தம் போதவில்லை என்று 500 வாட் ஆம்ப்ளிஃபயரை மாற்றி 1000 வாட் வாங்குபவர்களும் உண்டு. வாட் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்றச் சுமார் 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் வேண்டும். தெருவில் 100 மீட்டர் தள்ளிக் கட்டிய ஸ்பீக்கரின் ஒலி ஏறத்தாழ 0.3 வினாடி தாமதமாக வந்து சேரும். ஒரே சொல் இரண்டு முறை கேட்டு, இரண்டும் புரியாமல் போகும். சரியான இடத்தில் சிறிய ஸ்பீக்கர் வைத்து, அதற்குப் போகும் ஒலியைத் தேவையான அளவு தாமதப்படுத்தினால் பிரச்சினை தீரும். இந்தக் கணக்குகளைத் தெரிந்தவர் வாடகைக் கருவியிலேயே நல்ல ஒலி தருவார்.

கணக்கைப் புத்தகத்தில் படிக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நடக்கும்போது, கூட்டம் திரும்பிப் பார்க்கும்போது, எந்த மைக் கூவுகிறது என்று இரண்டு வினாடியில் கண்டுபிடிக்க, பக்கத்தில் ஒரு மூத்தவர் இருந்து பலமுறை செய்ய வேண்டும். அதேபோல் ஒலித்தடுப்புச் செய்த அறையில், சரியாக அமைத்த ஸ்பீக்கரில் கேட்டுப் பழகாத காது, எது பாடலின் குறை, எது அறையின் குறை என்று பிரித்துச் சொல்லாது. நல்ல படிப்பு விற்பது இந்த இரண்டையும்தான்.

எங்கே படிக்கலாம்?

சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவுக்கு நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. அரசு நிறுவனம் என்பதால் தனியாரோடு ஒப்பிடும்போது கட்டணச் சுமை குறைவு. இடங்களும் குறைவு. பட்டதாரிகளுக்குப் புனே திரைப்படக் கல்லூரியிலும் கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ரே திரைப்படக் கல்லூரியிலும் ஒலித்துறைப் படிப்புகள் உள்ளன. இரண்டுமே மத்திய அரசின் நிறுவனங்கள். நுழைவுத் தேர்வு உண்டு. இசையும் தொழில்நுட்பமும் சேர்த்துக் கற்க விரும்புவோருக்கு ஏ.ஆர். ரஹ்மான் 2008-ல் சென்னையில் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. தகுதி, கட்டணம், தேதி ஆகியவற்றை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ளவும்.

தனியார் நிலையம் என்றால் கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஒரு மாணவருக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் கருவியில் தனியாக வேலை செய்யக் கிடைக்கும்? பத்துப் பேர் நின்று ஒருவர் இயக்குவதைப் பார்ப்பது பயிற்சி ஆகாது.

2. சொல்லிக் கொடுப்பவர் இப்போதும் தொழிலில் இருக்கிறாரா?

3. கடந்த ஆண்டு முடித்த மாணவர்கள் இருவரிடம் நேரில் பேசலாமா? தயங்கினால் நீங்களும் தயங்குங்கள்.

4. மேடை ஒலி, ஸ்டூடியோ, சினிமா மூன்றில் எதற்கு எவ்வளவு நேரம்?

5. சான்றிதழை யார் அங்கீகரித்திருக்கிறார்கள்? அரசு வேலைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கு இது முக்கியம். கல்விக் கடன் வேண்டும் என்றால் வங்கியில் முதலில் கேளுங்கள். பிறகு சேருங்கள்.

6. இடையில் விலகினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும்? எழுத்தில் வாங்குங்கள்.

7. நூறு சதவீதம் வேலை உறுதி என்கிறார்களா? எந்த நிறுவனத்தில், என்ன வேலை, என்ன சம்பளம் என்று கேளுங்கள்.

நல்ல படிப்பு சொல்லித்தரும் இரண்டு விஷயங்கள்

சட்டமும் காதும். 2000-ல் வந்த மத்திய அரசின் ஒலி மாசு விதிகளின்படி, குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்பதே எல்லை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மிகாமல் இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்வு தரலாம். இதை அறியாதவர் கருவிகளைப் பறிகொடுக்க நேரிடும்.

காது அதைவிடப் பெரிய முதலீடு. 85 டெசிபல் ஒலியில் ஒரு நாளுக்கு 8 மணி நேரம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான். காதடைப்பான் இல்லாமல் ஸ்பீக்கர் அருகில் இரவு முழுவதும் நிற்பவர், தன் தொழிலின் முதலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறார்.

முடிவாக

சினிமா ஒலித்துறைக்குப் போக விரும்புபவர்களுக்கு நல்ல கல்லூரிப் படிப்பு பயன் தரும். அங்கே கிடைக்கும் அறையும், உடன் படிக்கும் இயக்குநர், படத்தொகுப்பாளர் நண்பர்களும் வீட்டில் கிடைக்கமாட்டார்கள். மேடை ஒலியை விரும்புபவர்கள் முதலில் ஒரு நல்ல மைக் செட் நிறுவனத்தில் ஒரு திருவிழாக் காலம் முழுதும் வேலை செய்யுங்கள். பிறகு குறுகிய காலப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தால், கேட்க வேண்டிய கேள்விகள் உங்களிடமே இருக்கும். யூடியூப், திருமண வீடியோ போன்ற வேலைகளுக்கு வீட்டுக் கம்ப்யூட்டரும் மேலே சொன்ன பயிற்சிகளும் தொடக்கத்துக்குப் போதும்.

எங்கள் சாஃப்ட்வேர் துறையில் நேர்காணலுக்குள் நுழையவே பல நிறுவனங்கள் பட்டம் கேட்கின்றன. ஒலித்துறையில் பெரும்பாலும், "நீங்கள் பதிந்ததைப் போட்டுக் காட்டுங்கள்" என்றுதான் கேட்பார்கள். அதற்குப் போட்டுக் காட்ட நாலு பதிவுகள் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கட்டும். ஆடாசிட்டியை டவுன்லோட் செய்து, முதல் பயிற்சியை இந்த ஞாயிற்றுக்கிழமை செய்து பாருங்கள். ஃபேனை மட்டும் நிறுத்திவிடுங்கள்.